திட்டு டாக்டர் திட்டாத நாள்

நோயாளியைத் திட்டியே பாதி குணப்படுத்தும் வித்தை தெரிந்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கிளினிக் வைத்திருந்தார். போர்டில் ஏதோ பெயர் இருந்தது, யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் 'திட்டு டாக்டர்'.

எழுபதுகளில் அப்பாவுக்கு அங்கே ரயில்வே உத்தியோகம். வீட்டில் யார் தும்மினாலும் அவரிடம்தான் ஓடுவோம். எங்கள் பெயர்கள் அவருக்குத் தெரியாது, உடம்புகள்தான் தெரியும்.

"வாங்க அல்சர்! போண்டா சாப்ட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு, டாக்டர்..."

"நாக்கை நீட்டுங்க. நாலு!"

"ஹௌது" என்று அப்பா தலைகுனிந்து ஒப்புக்கொள்வார். பொய் எடுபடாத இடங்களில் அவர் கன்னடத்துக்கு மாறிவிடுவார்.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மணமேடை ஏறி, மாப்பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லை! தாலியைக் கட்டிட்டு நேரா கிளினிக்குக்கு வா" என்ற மனிதர்.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. திட்டு டாக்டர் தன் மகளின் ஊருக்குப் போயிருந்ததால் வேறொரு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த அவர், "நுரையீரல்ல ஒரு நிழல் தெரியுது. கட்டியா இருக்கலாம். ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்" என்றார். அப்பா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு பீரோ சாவி இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

திட்டு டாக்டர் திரும்பிவந்த அன்று காலையிலேயே போய் நின்றோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை. எழுந்துபோய், அலமாரியைக் குடைந்து, ஒரு பழுப்பேறிய உறையுடன் வந்தார். மேலே 'அல்சர் வீட்டம்மா' என்று எழுதியிருந்தது. உள்ளே இன்னொரு எக்ஸ்ரே.

"இவன் பொறக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு நிமோனியா வந்ததே, அப்ப எடுத்தது." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே இடம், அதே அளவு. "பழைய தழும்பும்மா. இத்தனை வருஷமா நகராம உட்கார்ந்திருக்கு. சும்னே, வீணா பயந்துட்டீங்க. ரெண்டு படத்தையும் அந்த டாக்டர்கிட்ட காட்டுங்க, அவரும் ஒத்துப்பார்."

ஒத்துக்கொண்டார். இருமல் பத்து நாள் மருந்தில் அடங்கியது.

இரண்டு படங்களையும் பார்த்த அன்று கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து அம்மா அழுது தீர்த்தாள். அப்பா அந்தப் பழைய உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஏன் டாக்டர் இத்தனை நாள் வச்சிருந்தீங்க?"

"உங்ககிட்ட குடுத்தா தொலைச்சிருவீங்களே!"

அவருக்குப் பிறகு எத்தனையோ நல்ல டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். "இதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வியாதி இருந்தது?" என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். அதை நானா சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி அவர்கள் அலமாரியைத்தான் பார்க்கிறேன்.