கூரைப் பயிற்சி: முதல் நிலை

ஏழு ஆறுகளும் ஒரே ஒரு மலையும் உள்ள வடமருத நாட்டில் ஆறு மாதம் மழை பெய்யும். மிச்சமுள்ள ஆறு மாதம் பயிற்சி நடக்கும்.

முன்பு அப்படி இல்லை. ஒரு வருடம், ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கல்விச் சபை உறுப்பினர்கள் ஒரு காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிக்கூடங்களில் கரும்பலகைகள் வந்து இறங்க வேண்டிய இடத்தில் நானூறு குதிரை லாடங்கள் வந்து இறங்கின. நாடே கைகொட்டிச் சிரித்தது. மாமன்னருக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று ஜனங்கள் நினைத்தார்கள். மன்னர் அவர்களை மலைக்கு அனுப்பினார். அங்கே குளுகுளுவென்று ஒரு பயிற்சி மாளிகை கட்டி, கூடவே ஒரு சட்டமும் போட்டார்: எந்த விஷயத்தில் பயிற்சி பெறவில்லையோ, அந்த விஷயத்தில் சபை உறுப்பினரோ அதிகாரியோ கையெழுத்திடக் கூடாது.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது! ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள்.

அந்தச் சட்டம் வந்து நான்காம் வருடம், மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, குருகூர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் பெரியநாயகி என்ற சிறுமியின் சிலேட்டின் மீது கூரையிலிருந்து ஒரு துண்டு காரை விழுந்தது. கைப்பிடி அளவு. நல்லவேளை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

தலைமை ஆசிரியை அங்கயற்கண்ணி ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை விரிசல். நடுவில் உத்தரம் தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளியில் மொத்தம் மூன்று அறைகள். இரண்டு புதியவை. இது பழையது. இங்கே இருக்கும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைப் புதிய அறைகளுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அனுமதி இல்லாமல் பிள்ளைகளை இடம் மாற்றிய ஆசிரியர் ஒருவர் போன வருடம்தான் வேலையிழந்து, மாவரைக்கும் கடையில் நிற்கிறார். அங்கயற்கண்ணிக்குத் தேவை ஒரே ஒரு கையெழுத்து.

மாவட்டக் கல்வி நாயகம் விருத்தகிரியின் அலுவலகத்துக்கு மறுநாளே போனாள். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். என்ன, சொல்லுங்க, சீக்கிரம். வண்டி நிக்குது."

"கூரை விரிசல் விட்டிருக்குங்க ஐயா. பிள்ளைங்களைப் பக்கத்து ரூமுக்கு மாத்த ஒரு உத்தரவு..."

"கூரையா?" விருத்தகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் வருகைப் பதிவுப் பயிற்சி முடிச்சிருக்கேன். வாழ்த்துரைப் பயிற்சி முடிச்சிருக்கேன். கூரைப் பயிற்சிக்கு இப்பத்தான் போறேன். முடிக்காம நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு மன்னர் கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

"ஒரு நடை வந்து பாருங்க ஐயா. பாத்தாலே தெரியும்."

"பாத்தாலே தெரியும்னா அப்புறம் மாளிகை எதுக்கும்மா கட்டி வெச்சிருக்கு?" என்று அவர் சிரித்தார். வண்டி கிளம்பியது.

ஒரு வாரம் காத்திருந்தாள். பிள்ளைகளைச் சுவர் ஓரமாகத் தள்ளி உட்கார வைத்தாள். நடுவில் யாரும் நடக்கக் கூடாது என்று கோடு போட்டாள். எட்டாம் நாள் இன்னொரு துண்டு விழுந்தது. அன்று மதியமே மலைக்குப் பஸ் ஏறினாள்.

பயிற்சி மாளிகையின் கூடத்தில் கல்விச் சபை முழுதும் கூடியிருந்தது. வாசலில் நின்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சபைத் தலைவர் ஐயம்பெருமாள், மூன்று அரிசி ஆலைகளுக்கும் ஒரு கட்சிக்கும் சொந்தக்காரர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காகிதக் குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நாக்கு வெளியே துருத்தியிருந்தது. விருத்தகிரி மூச்சை அடக்கிக்கொண்டு அவருக்குக் குவளை எடுத்துக் கொடுத்தார். கோபுரம் சரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"தோல்வியைக் கொண்டாடுங்கள்!" என்றார் பயிற்றுநர் ஞானசிகாமணி. கழுத்தில் ஊதல், சட்டைப்பையில் ஆறு வண்ணப் பேனாக்கள். வாழ்நாளில் ஒரு வகுப்பறையில்கூட அவர் பாடம் நடத்தியதில்லை. அதனால் திறந்த மனதோடு இருக்கிறார் என்று அவருடைய நியமன ஆணையிலேயே போட்டிருந்தது.

அங்கயற்கண்ணி நடுக்கூடத்துக்கு வந்து கை கூப்பினாள். "ஐயா, குருகூர்ப் பள்ளியிலிருந்து வர்றேன். எங்க கூரை விழப்போகுது. கீழே முப்பத்தெட்டுப் பிள்ளைங்க."

ஞானசிகாமணியின் முகம் மலர்ந்தது.

"நண்பர்களே! இதோ, உயிருள்ள எடுத்துக்காட்டு! ஆறு குழுவாகப் பிரியுங்கள்!"

பெரிய பெரிய தாள்கள் சுவரில் ஏறின. பேனாக்கள் பறந்தன. முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். முதல் குழு, விரிசல் என்ற சொல் மனச்சோர்வு தருகிறது, அதை வளர்ச்சிக் கோடு என்று அழைக்கலாம் என்றது. மூன்றாம் குழு ஒரு மரம் வரைந்தது. ஐயம்பெருமாளின் குழு, கூரைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நல்லுறவு வேண்டும் என்று முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் கைதட்டல். அங்கயற்கண்ணிக்கும் ஒரு கைதட்டல், ஒரு பூச்செண்டு.

"கையெழுத்து, ஐயா?"

"அது மூன்றாம் நிலை முடிஞ்ச பிறகும்மா" என்றார் ஐயம்பெருமாள் கனிவாக. "நாங்க இப்ப முதல் நிலைதான். அவசரப்பட்டுப் போட்ட கையெழுத்தாலதானே அன்னிக்கு லாடம் வந்துச்சு? மறந்துட்டீங்களா?"

பஸ்ஸில் திரும்பும்போது அவள் பூச்செண்டை ஜன்னல் வழியே வீசினாள்.

அந்த வாரமே தலைநகரிலிருந்து புதிய ஆணை வந்தது. பயிற்சி மெதுவாக நடக்கிறதென்று மக்கள் குறை சொல்வதால், குழுக்களில் ஆள் பலத்தைக் கூட்டுவதற்கு ஒவ்வொரு பள்ளியும் இரண்டு ஆசிரியர்களை மலைக்கு அனுப்ப வேண்டும். குருகூர்ப் பள்ளியில் இருந்ததே மூன்று பேர். இருவர் போனார்கள். அங்கயற்கண்ணி ஒருத்தியே மூன்று அறைகளுக்கும் மாறி மாறி ஓடினாள்.

அடுத்த ஆணை அதைவிட மோசம். மழைக்காலத்தில் மலைப்பாதை வழுக்கும். மாண்புமிகு உறுப்பினர்களின் உயிர் விலைமதிப்பற்றது. ஆகவே, 'களத்துக்கே பயிற்சி' என்ற திட்டத்தின்கீழ் மூன்றாம் நிலை பள்ளிகளிலேயே நடைபெறும். முதல் பள்ளி குருகூர். உயிருள்ள எடுத்துக்காட்டு அங்கேதானே இருக்கிறது!

திங்கட்கிழமை காலை பந்தல், நாற்காலி, மின்விசிறி, சமையல்காரர் எல்லாம் வந்து இறங்கின. புதிய அறைகளில் ஒன்று பயிற்சிக்கு, மற்றொன்று சாப்பாட்டுக்கு.

"பிள்ளைங்க எங்க உக்காரும் ஐயா?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

விருத்தகிரி பழைய அறையைக் கையால் காட்டினார். "அதான் ஒரு ரூம் இருக்கே."

நூற்று நாற்பது பிள்ளைகள் அந்த ஒரே அறைக்குள் திணிக்கப்பட்டார்கள். அவள் போட்டிருந்த கோட்டின்மேலேயே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வேறு இடம் இல்லை. வெளியே மேகம் கறுத்தது. பக்கத்து அறையிலிருந்து ஊதல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. 'பிள்ளைகளே நம் கண்கள்' என்று எல்லோரும் ஒரே குரலில் மூன்று தடவை சொன்னார்கள்.

அங்கயற்கண்ணிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவள் கத்தவில்லை. பயிற்சி அறைக்குள் போய், மிகப் பணிவாகக் கை கட்டி நின்றாள்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். கூரைப் பயிற்சியை நல்ல கூரைக்குக் கீழே நடத்துறதுல என்ன பிரயோஜனம்? பழைய ரூமுக்கு வாங்க. அங்க உக்காந்து பயிற்சி எடுங்க. பிள்ளைங்க இங்க இருக்கட்டும்."

"அற்புதம்!" என்று துள்ளினார் ஞானசிகாமணி. "அனுபவ வழிக் கற்றல்! எழுந்திருங்கள் நண்பர்களே!"

வரிசையாக வந்தார்கள். முன்னால் ஐயம்பெருமாள், தோளில் பட்டுத் துண்டோடு. வாசற்படியில் ஒரு கால் வைத்தார். தலையைத் தூக்கினார். அடுத்த கணம் பின்னால் பாய்ந்து விருத்தகிரியின் காலை நன்றாக மிதித்தார்.

"யோவ்! இது எந்த நேரமும் விழும்யா! உத்தரம் தொங்குது, கண்ணு தெரியலையா உனக்கு? என்னை உள்ளே தள்ளிக் கொல்லப் பாக்குறியா?"

பயிற்றுநர் ஏற்கெனவே பந்தல் வரை போயிருந்தார்.

"ஐயா" என்றாள் அங்கயற்கண்ணி. "உங்களுக்கு இன்னும் மூன்றாம் நிலை முடியலையே. சான்றிதழ் வரலையே. விழும்னு எப்படித் தெரிஞ்சுது?"

உள்ளே நூற்று நாற்பது பிள்ளைகள் ஐயம்பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விருத்தகிரி மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே தொண்டையைச் செருமினார். "விதி எட்டு, உட்பிரிவு இரண்டு. சொந்த உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் உறுப்பினருக்குப் பயிற்சி தேவையில்லை."

அங்கேயே, பந்தல் காலில் காகிதத்தை வைத்து, ஆணை எழுதினார். ஐயம்பெருமாள் கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது. ஒரு டீ ஆறுவதற்கு எடுக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆணையைப் பலகையில் ஒட்டி, பழைய அறையின் கதவில் ஆணி அடித்து மாட்டினார்கள்.

'இந்த அறை ஆபத்தானது. சபை உறுப்பினர்கள், அதிகாரிகள், பயிற்றுநர்கள் உள்ளே நுழையத் தடை.'

அங்கயற்கண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். "பிள்ளைங்க?"

"பிள்ளைங்க விஷயம் சபை விஷயம்மா" என்றார் ஐயம்பெருமாள் வியர்வையைத் துடைத்தபடி. "அதுக்கு முறையாப் பயிற்சி முடியணும். வியாழக்கிழமை முடிஞ்சிடும். பொறுமையா இருங்க."

மதியம் முதல் தூறல் விழுந்தது. பழைய அறையில் உத்தரம் ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான். மாவரைக்கும் கடையாவது மண்ணாவது என்று நினைத்தாள் அங்கயற்கண்ணி.

"எல்லாரும் எழுந்திருங்க. சிலேட்டு வேண்டாம், பை வேண்டாம். கையைப் புடிச்சுக்கங்க. ஓடக் கூடாது. வாங்க."

நூற்று நாற்பது பேரையும் நேராகச் சாப்பாட்டு அறைக்குள் அழைத்துப் போனாள். அங்கே உறுப்பினர்களுக்காக இலை போட்டு, பிரியாணி பரிமாறி முடித்திருந்தார்கள். பிள்ளைகள் வந்த வேகத்தில் இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள் பாதிப் பேர். யாரும் சொல்லாமலே சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"டீச்சர்! என்ன அக்கிரமம் இது!" என்று விருத்தகிரி கதவில் நின்று அலறினார். "யார் கொடுத்த உத்தரவு? பயிற்சியைக் கலைக்கிறீங்க! உங்களை..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பழைய அறையின் கூரை முடித்துவைத்தது. தரை அதிர்ந்தது. ஜன்னல் வழியாகப் புழுதி உள்ளே வந்து இலைகளின்மேல் படிந்தது. பெரியநாயகி கவளத்தை வாயருகே வைத்தபடி அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் ஒரு குழந்தை அழுதது. பிறகு எல்லாக் குழந்தைகளும்.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அடுத்த வாரம் தலைநகரில், கல்விச் சபைக் கட்டடத்தில் விழா. கூரை விழுவதற்கு முன்பே ஆபத்தென்று பலகை மாட்டிய தீர்க்கதரிசனத்துக்காக ஐயம்பெருமாளுக்குத் தங்கப் பதக்கம். ஓர் உறுப்பினர்கூட உயிரிழக்கவில்லை என்பதே பயிற்சியின் வெற்றி என்று மாமன்னர் பேசினார். ஞானசிகாமணிக்கு இன்னும் மூன்று மாவட்டங்கள் கொடுக்கப்பட்டன.

அதே நாளில், அதே கட்டடத்தின் பின்பக்க அறையில், அங்கயற்கண்ணிக்கு விசாரணை. அனுமதியின்றிப் பிள்ளைகளை இடம் மாற்றியது, பயிற்சியைக் கலைத்தது, மாண்புமிகு உறுப்பினர்களைப் பட்டினி போட்டது என மூன்று குற்றச்சாட்டுகள்.

விசாரணை அதிகாரி ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நீங்க எந்தக் கூரைப் பயிற்சியும் எடுக்கலை. சரிதானே?"

"எடுக்கலைங்க."

"பின்னே விழப்போகுதுன்னு உங்களுக்கு யார் சொன்னா? எந்த வெளிநாட்டுக்காரன் சொன்னான்? எந்தக் கட்சி சொல்லுச்சு?"

"யாரும் சொல்லலைங்க. அண்ணாந்து பார்த்தேன்."

"அதைத்தான் கேக்கறேன். எப்படித் தெரிஞ்சுது?"

"அண்ணாந்து பார்த்தேன், ஐயா. உங்க சபைத் தலைவரும் அதைத்தான் பண்ணினார். அவர் தன் தலைக்காகப் பார்த்தார். நான் பிள்ளைங்க தலைக்காகப் பார்த்தேன். வேற வித்தியாசம் ஒண்ணுமில்லை."

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு விசாரணை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கூரையைப் பார்க்கப் போய், பாதியில் சுதாரித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார்.

அங்கயற்கண்ணியின் வேலை அன்று மாலையே போயிற்று. ஆனால் அவள் சொன்ன பதில் மேலே மேலே போய் அரண்மனையை எட்டியது. ஐந்தாம் நாள் ஆணை வந்தது. 'அண்ணாந்து பார்த்தல்' இனி ஒரு முறையான பயிற்சிப் பாடம். மூன்று நிலைகள். முதலில் மாமன்னரின் உறவினர்களுக்கும், பிறகு சபை உறுப்பினர்களுக்கும், பிறகு அதிகாரிகளுக்கும், கடைசியாகப் பொதுமக்களுக்கும் கற்றுத் தரப்படும். அதுவரை, பொது அமைதி கருதி, பள்ளி வளாகங்களில் பயிற்சியற்ற எவரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது.

இதற்கும் ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, நாலு ஊர் தள்ளியிருந்த இன்னொரு பள்ளியின் வாசலில் அங்கயற்கண்ணி நின்றாள். பிள்ளையைக் கொண்டுவந்து விட வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். உள்ளே போய் மேலே ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

"சட்டம் இருக்கே டீச்சர்" என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்தபடி. "நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

இன்னொருவர் சைக்கிளை நிறுத்தவே இல்லை. "படிச்சவங்க பாத்துக்குவாங்கம்மா. நாமளா ஓட்டுப் போட்டு அனுப்பினவங்கதானே?" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார்.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லோரும் குனிந்த தலையோடு வந்து, பிள்ளையின் கையை விட்டுவிட்டு, குனிந்த தலையோடு திரும்பினார்கள். அங்கயற்கண்ணி வாசலை விட்டு நகரவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களிடமும் கேட்கிறாள்:

"உங்க பிள்ளை எந்த ரூம்ல உக்காருது?"