சகலைக்குச் சேற்றுக்குளியல்

ஆகஸ்ட் பிறந்தால் பிரெஞ்சுக் கடற்கரை ஊரான போர்லானுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று மத்தி மீன். இன்னொன்று பாரிஸ்காரர்கள். மத்தி சில வருஷம் வராமல் ஏமாற்றும். பாரிஸ்காரர்கள் ஏமாற்றியதே இல்லை.

லோயிக் வீட்டுக்கு வருகிற பாரிஸ்காரர் அவருடைய சகலை பெர்த்ராந். மனைவி மரிவோனின் தங்கை ஒதிலைக் கட்டியவர். “மூணே நாள்” என்று சொல்லிக்கொண்டு வருவார். எந்த மாதத்து மூன்றாம் நாள் என்று மட்டும் சொல்ல மாட்டார். வந்ததும் கடலைப் பார்த்த படுக்கையறை அவர்களுக்கு. மரிவோன் கூடத்துச் சோபாவில். ஆயுசு பூரா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற லோயிக், பழைய வலைகளோடும் பெயிண்ட் டப்பாக்களோடும் தோட்டத்துக் கொட்டகையில், மடக்குக் கட்டிலில். அந்தக் கட்டில் சில சமயம் தானாகவும் மடங்கும்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வெண்ணெயைத்தான் பொறுக்க முடியவில்லை. போர்லானில் வெண்ணெய் என்றால் உப்புப் போட்ட வெண்ணெய். வேறு வகை உண்டு என்பதையே ஊர் ஒப்புக்கொள்வதில்லை.

“சகல, உப்பில்லாத வெண்ணெய் இருக்கா?” என்றார் பெர்த்ராந், காலை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. கடற்கரைக் கடையில் வாங்கிய கோடு போட்ட பனியன், தலையில் கப்பல் தலைவன் தொப்பி.

“இருக்கே. பாரிஸ்ல இருக்கு. போய் எடுத்துட்டு வரியா?”

“லோயிக்!” என்றாள் மரிவோன். “கடைக்குப் போய் ஒரு கட்டி வாங்கிட்டு வாயேன்.”

“நானா? மதாம் கெர்தெலோ கடையில, ஊர் சனமே வரிசையில நிக்கறப்ப, என் வாயால உப்பில்லாததுன்னு கேக்கணுமா? அதுக்குக் கடல்ல விழுந்துடலாம்.”

“தண்ணி வத்திக் கிடக்கு. விழுந்தா முட்டிதான் பேரும்.”

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உப்பில்லாத விருந்தாளியும் அங்கேதான் என்று லோயிக் அன்றைக்கே முடிவு கட்டினார். இந்த வருஷம் சகலையை ஓட்டியே தீர்வது.

வழியைச் சகலையே காட்டினார். குழியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

குழி என்பது சாதாரண விஷயம் இல்லை. கடல் ரொம்ப தூரம் உள்வாங்குகிற நாட்களில் ஊரே கொக்கிக் கம்பியும் கூடையுமாகப் பாறைகளுக்கு இறங்கும். பாறைக்கடியில் சிங்கி இறால் குடியிருக்கிற குழி ஒன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. ஒன்றைப் பிடித்தால் அடுத்த தடவை கடல் வற்றுவதற்குள் இன்னொன்று குடிவந்திருக்கும். இடம் தகப்பனுக்குத் தெரியும், பிறகு மகனுக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியாது. லோயிக்கின் அப்பா சாகக் கிடந்தபோது பாதிரியாரையே வெளியே அனுப்பிவிட்டுத்தான் மகன் காதில் குழியைச் சொன்னார். வீட்டுப் பத்திரம் எங்கே என்று சொல்ல மறந்துவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து மரிவோனும் குழியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். லோயிக் வாயைத் திறந்ததில்லை. போதாக்குறைக்குப் பெரிய இறால் பிடித்தால் அது நேரே துறைமுக மதுக்கடைக்குப் போகும், சிநேகிதர்களுக்குக் காட்ட. காட்டிய பிறகு அங்கேயே வெந்துவிடும். வீட்டுக்கு வருவது, அது எவ்வளவு நீளம் என்று விரித்துக் காட்டுகிற இரண்டு கைகள் மட்டும்.

“வர்ற வியாழக்கிழமை கடல் நல்லா உள்வாங்குது,” என்றார் லோயிக். “வா சகல, குழியக் காட்டறேன்.”

மரிவோன் கையிலிருந்த கரண்டி நின்றது. “இவருக்கா? குழியவா?”

“சொந்தக்காரன்தானே.”

“நான் யாரு, வாடகைக்கு இருக்கறவளா?”

லோயிக் சீட்டியடித்துக்கொண்டே தோட்டத்துக்கு நழுவினார். வியாழன் காலை சகலை புத்தம் புது ரப்பர் காலணியோடு கிளம்பினார். மரிவோன் அதைக் கழற்றச் சொல்லி, பழைய கித்தான் செருப்பு ஒன்றைக் கொடுத்தாள். “இது போனாலும் பரவால்ல,” என்றாள். லோயிக்கின் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

ஊருக்கு மேற்கே, கழிமுகம் ஓரமாக, பார்த்தால் மணல் போலவும் மிதித்தால் களி போலவும் ஒரு சேறு உண்டு. அங்கே கடற்பறவைகூட யோசித்துத்தான் இறங்கும்.

“நேரா போ சகல. அந்தக் கறுப்புப் பாறைக்கு அடியிலதான்.”

“சேறு மாதிரி தெரியுதே?”

“சேறா? ஈர மணல். பாரிஸ்ல பாத்திருக்க மாட்ட.”

நாலு எட்டில் கணுக்கால் போயிற்று. அடுத்த எட்டில் முழங்கால். அதற்கடுத்து தொடை.

“சகல! உள்ள போறேன் சகல!”

“அசையாத! அசைஞ்சா இன்னும் இழுக்கும்!” என்று லோயிக் பாறையில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தார். பாதி புகைத்தபின் கயிற்றை வீசினார். சகலை வந்தார். செருப்பு வரவில்லை.

வீட்டு வாசலில் பெர்த்ராந் ஒரு கை நெஞ்சில், ஒரு கை நிலையில் என்று நின்று அழுதார். “என்னைப் பெத்தவங்ககூட இப்படி அவமானப்படுத்தினதில்ல.” ஒதில் அழுதாள். மரிவோன் அழுதாள். மதியத்துக்குள் பெட்டி கட்டி, கார் கிளம்பிவிட்டது. லோயிக் தலையணையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் ராஜா மாதிரி நுழைந்தார்.

அன்றோடு மரிவோன் பேச்சை நிறுத்தினாள். மேசையில் தோசை மாதிரி மெல்லிசான கோதுமை அப்பம் வந்தது. வெண்ணெயே இல்லாமல் வந்தது. மறுநாளும் அப்படியே. பேசுகிற பெண்டாட்டியைச் சமாளிக்க லோயிக்குக்குப் பல வருஷப் பயிற்சி உண்டு. பேசாத பெண்டாட்டிக்குப் பயிற்சி இல்லை. அவருக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. கடலைப் பார்த்த அறையில் படுத்து, கடலைப் பார்த்துத் தனியாகப் புலம்பினார். ஒரு வாரத்தில் சரணடைந்தார்.

“என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்.”

“எனக்கு என்ன வேணும்? இருந்த ஒரு தங்கச்சியையும் துரத்தியாச்சு. புருஷன்னு ஒரு ஆள் இருக்கான். அவன் நெஞ்சுல எனக்கு ஒரு குழி அளவுக்குக்கூட இடமில்ல.”

லோயிக் உத்தரத்தைப் பார்த்தார். மனதுக்குள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

“தேவாலயக் கோபுரமும் தண்ணித் தொட்டியும் ஒரே கோட்டுல வரணும். அங்க நின்னா ரெண்டா பிளந்த பாறை ஒண்ணு தெரியும். அதுக்கு அடியில.”

“பிளவுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?”

“இடப்பக்கம். ஏன் கேக்கற?”

“சும்மாதான்.” மரிவோன் சிரித்தாள். அன்றைக்கு அப்பத்தின்மேல் வெண்ணெய் குளமாக நின்றது, உப்போடு.

மாதக் கடைசியில், வருஷத்திலேயே கடல் அதிகமாக உள்வாங்குகிற நாள் வந்தது. அன்று பார்த்துக் கூரைத் தண்ணீர்க் குழாயில் குப்பை அடைத்திருக்கிறது என்று லோயிக்கை ஏணியில் ஏற்றிவிட்டு, சிநேகிதியைப் பார்க்க மரிவோன் கிளம்பினாள். அவர் இறங்கி, கொக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஊர் பாதி திரும்பிக்கொண்டிருந்தது.

தூரத்தில், கோபுரமும் தொட்டியும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில், மூன்று பேர். ஒருவர் கோடு போட்ட பனியன். கையில், லோயிக் மதுக்கடையில்கூட விரித்துக் காட்டத் துணியாத நீளத்தில், நீலக்கறுப்பாக ஒரு சிங்கி இறால்.

கோபத்துக்குக் கண் கிடையாது. சுற்றி வராமல் கழிமுகம் ஓரமாகக் குறுக்கே பாய்ந்தார். நாலு எட்டில் கணுக்கால் போயிற்று. பிறகு மற்றதும்.

“அசையாத சகல!” என்று கத்தினார் பெர்த்ராந். “அசைஞ்சா இன்னும் இழுக்கும்!”

“நீ… நீ பாரிஸ் போகலயா?”

“பக்கத்து ஊர்ல கூடாரம் போட்டுத் தங்கியிருந்தோம் அத்தான்,” என்றாள் ஒதில். “அக்காதான் கொஞ்ச நாள் பொறுங்கன்னா.”

“நான் நல்லா அழுதேனா சகல?” என்றார் பெர்த்ராந்.

மரிவோன் பாறை விளிம்புக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “கட்டின பொண்டாட்டிக்குக் காட்டாத குழியச் சகலைக்குக் காட்டறேன்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, சேறுதான்னு. நல்ல காலணி எதுக்குப் பாழாகணும்னுதான் பழசக் குடுத்தேன்.”

“மரிவோன், கயித்தப் போடு. தண்ணி திரும்பி வரப்போகுது.”

“போடறேன், போடறேன். கொட்டகையில கட்டில விரிச்சாச்சு, உன் தலைகாணியும் அங்கதான் இருக்கு.” கயிறு வந்து அவர் மார்பில் விழுந்தது. “கரையேறினதும் வீட்டுக்கு வந்துடாத. நேரா மதாம் கெர்தெலோ கடைக்குப் போ. இந்த இறாலுக்கு ஒரு கட்டி வெண்ணெய் வேணும். உப்பில்லாதது.”