பால்வீதிக்கு விலாசம் தேடிய கதை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு அத்தான் எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கு உங்களையும் சேர்த்து எல்லோரும் நலமாக இருக்க விரும்புகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் தானே ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாள். என்ன வேலை என்றதற்கு, "பால்வீதியில ஆராய்ச்சி பண்றார்ப்பா" என்றாள். ஆயுசு முழுக்கத் தபால் பிரித்தவன் நான், எனக்குத் தெரியாத வீதியா என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, வெயிலில் அலைந்து, கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பால் டிப்போவில் போய் நின்றேன். "ஆராய்ச்சியா? தண்ணி கலந்திருக்கான்னு பாக்க வந்தீங்களா சார்?" என்று டிப்போக்காரர் பதறிப்போய், நாற்காலி போட்டு, கேட்காமலே இரண்டு பாக்கெட் பாலும் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்தால் தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பால்வீதி வானத்தில் இருக்கிறதாம். கோடிக்கணக்கான நட்சத்திரங்களாம். அதற்குள்தான் நாமும் குடியிருக்கிறோமாம். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அந்தப் பையனே வந்துவிட்டான். வந்த முதல் நாளே என்னை மாமா என்கிறான். பிஸ்கட் தட்டைக் காலி செய்துவிட்டு அதையே தூக்கிக் காட்டி, "பால்வீதி இப்படித்தான் மாமா, தட்டையா இருக்கும். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போக வெளிச்சத்துக்கே லட்சம் வருஷம் ஆகும்" என்றான். "பதிவுத் தபாலுக்கு?" என்றேன். அவன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். சரி, நம் வீடு நடுவில்தானே என்று விரலை வைத்தேன். "ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சாங்க மாமா. சுத்தி ஒரே தூசு. கண்ணுக்கு எட்டினவரைக்கும் எண்ணிட்டு, நாமதான் நடுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் தூரத்து நட்சத்திரக் கொத்தையெல்லாம் அளந்தா, அது வேற எடத்தச் சுத்தி இருக்கு. கூட்டம் எதச் சுத்தி நிக்குதோ அதுதானே நடு? நாம எங்கயோ ஓரத்துல" என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் எல்லோரும் உங்கள் அக்காவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கருந்துளை வேறு உண்டாம், உள்ளே போனது எதுவும் திரும்பாதாம். அதை நம்புகிறேன், உங்கள் அக்காவின் பீரோவைப் பார்த்தவன் ஆயிற்றே.

குடும்பத் தலைவனை அவன் வீட்டிலேயே ஓரங்கட்டுகிறவனுக்கா பெண் கொடுப்பது? தாய்மாமன் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இந்தச் சம்பந்தம் நின்றுவிடும். உடனே புறப்பட்டு வரவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
குடும்பத்தின் நடுவிலிருந்து,
உங்கள் அத்தான்

பி.கு: ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா படித்துவிட்டாள். மண்டபம் பிடித்ததே நீங்கள்தானாமே? சமையலுக்கு ஆள் பேசியதும் நீங்கள்தானாமே? போகட்டும். கிளம்பும்போது அந்தப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல எந்த உயிரும் தாங்காது மாமா, ஓரமா இருக்கறதாலதான் நாம பொழச்சுக் கெடக்கோம்" என்றான். மண்டபத்தில் எனக்கு ஓரமாகவே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். மகள் முகம் தெரிகிற ஓரமாக இருக்கட்டும்.