ஏழுமேட்டுக் காட்டைக் காப்பாற்றிய வரலாறு

பெருங்கோட்டம் என்றொரு நாடு. எதையும் சும்மா விட்டுவைக்கும் வழக்கம் அந்நாட்டு அரசுக்குக் கிடையாது. அப்படியும் ஏழுமேட்டுக் காடு மட்டும் ஒருவர் கண்ணிலும் படாமல் பல தலைமுறையாக நன்றாக இருந்தது. அரசர் மகுடதாரியாருக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே காப்பாற்றியிருப்பார்.

காட்டுக்குள் ஒரு சிற்றூர் இருந்தது. தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்த அந்த மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யானைகள் கன்று போடும் பருவம் வந்தால், காட்டுப் பாதையில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு காட்டுக் கொடியை இழுத்துக் கட்டுவார்கள். அதை அவிழ்க்கும்வரை யாரும் தாண்டிப் போவதில்லை. காட்டுக்கு இருந்த காவல் அவ்வளவுதான்.

ஒருநாள் அரசர் தன்னந்தனியாகச் சாகசப் பயணம் புறப்பட்டார். கூட நாற்பது ஓவியர்கள் போனார்கள். மார்பை நிமிர்த்தி, முகத்தை ஓவியர்கள் பக்கம் திருப்பியபடியே நடந்தவர், அந்தக் கொடி தடுக்கிக் குப்புற விழுந்தார். முன்பல் ஒன்று போயிற்று.

உடனே அரசவை கூடியது. வனமந்திரி தணிகைநம்பி எழுந்தார். "மாமன்னா, ஒற்றைக் கொடியை நம்பி ஒரு காட்டையே விட்டுவைத்திருக்கிறோம். நினைத்தால் நெஞ்சு பதறுகிறது!"

அன்றே வனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கொடியை அறுத்துவிட்டு இரும்புக் கதவு போட்டார்கள். கதவுக்குக் காவலர்கள் வந்தார்கள். காவலர்கள் போய்வரச் சாலை வேண்டியிருந்தது, அதற்கு இரண்டாயிரம் மரங்கள் வழிவிட்டன. போட்ட சாலை வெறிச்சோடிக் கிடந்தால் நாட்டுக்கு அவமானம் என்று சாகசப் பயணிகளை அழைத்தார்கள். பயணிகள் பயப்படாமல் சாகசம் செய்ய மரத்துக்கு மரம் விளக்குக் கட்டினார்கள். அவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே என்று செண்டை மேளமும் ஏற்பாடாயிற்று.

இவ்வளவு செய்த பிறகு உள்ளே மனிதர்கள் குடியிருப்பது முறையா? "காடு என்றால் மனித வாடையே வீசக் கூடாது" என்று மந்திரி விளக்கினார். கதவருகே நின்று பயணிகளை வணங்கி உள்ளே அனுப்பிக்கொண்டேதான் இதைச் சொன்னார். அந்த வாரமே ஊரைக் காலிசெய்து, மக்களைச் சமவெளியில் தகரக் கொட்டகைகளில் இறக்கிவிட்டார்கள்.

அவர்களில் கெம்பி என்ற பெண் மட்டும் மந்திரியைத் தேடிக் கதவுக்கே வந்தாள்.

"சாமி, கதவ நீங்களே பூட்டிக்குங்க. நாங்க உள்ளாறவே கெடந்துக்கறோம். எம் புள்ளைய அங்கதானுங்க மண்ணுல வெச்சிருக்கேன்."

"அம்மா, உன் உணர்ச்சியை அரசு பெரிதும் மதிக்கிறது. இதை மனுவாக எழுதிக் கொடு."

"எழுதத் தெரியாதுங்களே."

"அப்படியானால் மதிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்."

இதற்கிடையே விளக்கையும் மேளத்தையும் பொறுக்கமாட்டாமல் யானைகள் கன்றுகளோடு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டன. கரடிகளும் போயின. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். போதாக்குறைக்கு, காடு எப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று பார்க்க அரசர் மறுபடி வரப்போவதாக ஓலை வந்தது. மந்திரிக்குக் கைகால் ஓடவில்லை. அரண்மனைக் கிடங்கில், அரசரின் முன்னோர் வேட்டையாடிய கரடிகளின் தோல்கள் கிடந்தன. அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே தகரக் கொட்டகைக்குப் போனார்.

"மனிதராக உள்ளே நுழைந்தால் ஏழாண்டுச் சிறை. கரடியாக நுழைந்தால் முழுப் பாதுகாப்பு. கரடியை அதன் இருப்பிடத்திலிருந்து அகற்றக் கூடாது என்பது சட்டம்" என்றார்.

கெம்பி யோசித்தாள். "எங்கூட்டுலயே இருந்துக்கலாமுங்களா?"

"கரடி எங்கே தங்கினாலும் அது குகைதான். அரசுக்கு ஆட்சேபணை இல்லை."

அவள் கணவன் செவணன் தோலைத் தொடவே கூசினான். "மானம் போவுதே கெம்பி."

"இந்தத் தகரத்துக்கடியில மட்டும் அது இருக்குதாக்கும்? போடுய்யா."

இப்படியாக ஊர் மொத்தமும் தன் வீடுகளுக்குத் திரும்பிற்று. அன்று வீட்டு வாசலில் கரடித் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கெம்பி அழுதாள். அது சந்தோஷ அழுகையா என்று கேட்கும் தைரியம் செவணனுக்கு வரவில்லை.

அரசர் வந்தார். புதரிலிருந்து ஒரு கரடி எழுந்து நின்றது. ஓவியர்கள் தூரிகையை எடுப்பதற்குள் கரடி தன் தலையைக் கழற்றியது.

"ராசா, நான் கரடி இல்லீங்க, கெம்பி. எங்க ஊர எங்களுக்கே குடுத்துருங்க. மனுசராவே இருந்துட்டுப் போறோம்."

அரசர் திகைத்துப்போனார். மந்திரி சற்றும் பதறாமல் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். "மனுஷி என்றால் இப்போதே கைது. கரடி என்றால் எங்கள் வணக்கத்துக்குரிய வனவிலங்கு. முடிவை உன்னிடமே விடுகிறோம், அம்மா. இது மக்களாட்சி மனம் கொண்ட மன்னராட்சி."

கெம்பி தன் வீட்டுக் கூரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தலையை எடுத்து மாட்டிக்கொண்டு "உர்ர்" என்றாள்.

அரசருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பார்த்தீர்களா! என் ஆட்சியில் கரடிகூடக் குறையைச் சொல்லிவிட்டுத் திருப்தியாகத் திரும்புகிறது!" என்று முன்பல் போன இடைவெளி தெரியச் சிரித்தார்.

இந்தச் செய்தி ஒரே நாளில் நாடெங்கும் பரவியது. மறுநாள் காலை வனமந்திரியின் அலுவலக வாசலில் ஒரு வரிசை நின்றது. அணைக்கு ஊரைக் கொடுத்தவர்கள், சுரங்கத்துக்கு வயலைக் கொடுத்தவர்கள், துறைமுகத்துக்குக் கரையைக் கொடுத்தவர்கள் என்று வரிசை தெருமுனை தாண்டிப் போயிற்று.

முதல் ஆளாக நின்றவர் மீனவர் அந்தோணிமுடி. சன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தலை நிமிராமலே சொன்னார்: "கரடித் தோல் தீர்ந்துபோயிற்று. காட்டுப்பன்றித் தோல்தான் மிச்சம். பின்னால் குறை சொல்லக் கூடாது, காட்டுப்பன்றியைக் கண்டால் சுடலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது."

"சுடுற வரைக்கும் சொந்த வூட்டுல இருக்க வுடுவாங்களா?"

எழுத்தர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "விடுவார்கள்."

"அப்ப ரெண்டு குடுங்க சார்" என்றார் அந்தோணிமுடி. "சின்ன சைசுல ரெண்டு இருந்தாலும் பாருங்க."