ஊதுபத்தி அப்போதே சொன்னார்

காருக்குள் உட்கார்ந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை போகிற போக்கை வைத்தே அந்தக் குடும்பத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்று சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் தருமபுரத்தில்தான் இருந்தார். தொழில், கார் ஏசி மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று காரைக்காலில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் ஊதுபத்திதான். என் போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.

அவருடைய தகரக் கொட்டகைக்குப் போர்டு கிடையாது. தெருமுனையில் நின்று மூக்கைத் தூக்கினால் மல்லிகை வாசனை வரும், அதைப் பிடித்துக்கொண்டே போகவேண்டியதுதான். முதல்முறை நான் போனது கத்திரி வெயிலில். ஊரே வெந்துகொண்டிருக்கிறது, மனிதர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க இது, ஏசி பாக்குறவரு மஃப்ளர் போட்டிருக்கீங்க?"

"எனக்கு ஏசி ஒத்துக்காதுங்க டீச்சர். கழுத்துல சில்லுன்னு பட்டா தும்மல் வந்துடும். வேலை முடிஞ்சதும் மஃப்ளர எடுத்துட்டு உள்ள உக்காருவேன். மூணு தும்மல் வந்துச்சுன்னா வண்டி சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

இது வேடிக்கைப் பேச்சு இல்லை. ஊரில் எல்லோரும் அந்த மூன்று தும்மலுக்காகக் காத்திருந்துதான் வண்டியை எடுப்பார்கள். இரண்டோடு நின்றுவிட்டால், "இன்னும் கொஞ்சம் கேஸ் ஏத்தணும்" என்று மறுபடி குனிந்துவிடுவார்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட குணம். "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. திருமலைராயன்பட்டினத்து பாய் ஒருவர், வண்டிக்குள் வாடை அடிக்கிறதென்று காற்று வருகிற துவாரத்தில் அத்தரை ஊற்றிவிட்டார். அப்படிச் செய்யாதீர்கள் என்று ஊதுபத்தி முன்பே எச்சரித்திருந்தாராம். வேலை முடிந்து வண்டியில் ஏறிய ஊதுபத்தி தும்மினார் பாருங்கள், மூன்றா முப்பதா என்று எண்ண ஆளில்லை. ஏசியால் வந்த தும்மல் எது, அத்தரால் வந்த தும்மல் எது என்று பிரிக்கத் தெரியாமல் அன்று முழுக்கத் தவித்துப்போனார்.

பாய் பயந்துபோய், "இன்ஷா அல்லாஹ் சரியாயிடும்ல?" என்றார்.

"அல்லா நல்லது செய்வாருங்க பாய். ஆனா நீங்க அத்தர் ஊத்துறத நிறுத்தணும். நான்... ஹச்!... அப்பவே... ஹச்!... சொன்னேன்!"

நம் கதைக்கு வருகிறேன். எங்கள் காரில் ஏசியைப் போட்டால் அனல் அடித்தது. வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மனிதர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வீட்ல உள்ளவங்க எங்க?"

"அவங்க எதுக்குங்க?"

"குடும்பத்தோட வாங்க டீச்சர். எப்பவும் யாரு எங்க உக்காருவாங்களோ அங்க உக்காரணும். வண்டிய மட்டும் பாத்தா வியாதி தெரியாது."

நம் தலையெழுத்து என்று மறுநாள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனேன். நான் ஓட்டுகிற இடத்தில். பக்கத்தில், வாந்தி வரும் என்று எப்போதும் முன்னால் உட்காருகிற அம்மா. பின்னால் என் வீட்டுக்காரரும் தங்கை அனிதாவும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார். துவாரம் துவாரமாகக் காட்டினார். புகை என் பக்கமே சாய்ந்தது.

"எல்லாத்தையும் நீங்க உங்க பக்கமே திருப்பி வச்சிருக்கீங்க டீச்சர். சாருக்கு ஒண்ணுமே வரல. பாவம், வீட்லயும் இப்படித்தானா?"

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். புகைகூட அசைந்தது.

அடுத்து அம்மா பக்கத்துத் துவாரம். புகை ஆடாமல் அசையாமல் நின்றது. உள்ளே இரண்டு விரலை விட்டு நாலாக மடித்த கைக்குட்டை ஒன்றை இழுத்தெடுத்தார். ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த கைக்குட்டை!

"எனக்கு இழுப்பு வந்துடும்ப்பா, சில்லுக்காத்து பட்டா ஆகாது" என்றார் அம்மா, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

கடைசியாக ஊதுபத்தி தீர்ப்புச் சொன்னார். டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறதாம். ஹீட்டரிலிருந்து வருகிற சூட்டை அதுதான் தடுக்க வேண்டுமாம். "அந்த மதகு மூட மாட்டேங்குது டீச்சர். ஒரு வாய்க்கால்ல வெந்நீரு, ஒரு வாய்க்கால்ல பச்சத்தண்ணி, ரெண்டும் கலந்து வயலுக்குப் பாயுது. டேஷ்போர்ட கழட்டணும். சாமான் வெளியூர்லேர்ந்து வரணும். பத்து நாளாவது ஆகும்."

பத்து நாளா? கத்திரி வெயிலிலா? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"எதுக்குங்க அவ்வளவு பாடு? ஹீட்டருக்குப் போற குழாயவே வெட்டி விட்டுடுங்க. காரைக்கால்ல ஹீட்டர் போட்டு யாரு குளிர் காயப் போறா?"

மனிதர் முகம் அப்படியே மாறிவிட்டது. பெற்ற பிள்ளையின் காதை அறுக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

"ஹீட்டரு குளிருக்கு இல்லீங்க, மழைக்கு. ஐப்பசியில அஞ்சு பேரு ஏறி உக்காந்தா கண்ணாடி பூராவும் ஆவி படிஞ்சு மூடிக்கும். அப்ப காஞ்ச காத்துதான் தொடச்சு விடும். குழாய நான் வெட்ட மாட்டேன்."

"நான் டீச்சர். எனக்கே பாடம் எடுக்குறீங்களா?"

"எடுத்தா என்னங்க, தப்பா?"

விருட்டென்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஊருக்கு வெளியே இன்னொருவர் அரைமணி நேரத்தில் குழாயை வெட்டி, வளைத்துக் கட்டி அனுப்பினார். ஏசி ஜில்லென்று வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மறுநாள் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேண்டுமென்றே ஊதுபத்தி கொட்டகை வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். வெயிலில் சால்வை! அவர் வெளியே வந்து நின்று வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. அவசரமில்லை என்பதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐப்பசி வந்தது. அனிதாவின் கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளைக்குத் திருமலைராயன்பட்டினம், கல்யாணப் பூசையும் அங்கே மாதா கோயிலில். பத்து மணிக்கு. அந்தக் கோயில் சாமியாருக்குப் பத்து என்றால் பத்துதான். அதே கோயிலில் பதினோரு மணிக்கு இன்னொரு கல்யாணம் வேறு. "பத்தே காலுக்கு மேல பொண்ணு வந்தா, அந்தக் கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் உங்க கல்யாணம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சகுனம் பார்க்காத கிறிஸ்தவர்கள்தான். ஆனால் முகம் பார்ப்பார்கள். வருகிற பெண் முதல் நாளே தாமதம் என்றால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

விடிந்ததிலிருந்து அடைமழை. பூ ஜோடித்து வரவேண்டிய வாடகைக் கார், வழியில் தண்ணீரில் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் எங்கள் காரை எடுத்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் வெள்ளைப் பட்டும் தலையில் வலையுமாக அனிதா, ஒருபக்கம், பெண்ணை விட்டு நகர மாட்டேன் என்று அன்று பின்னால் ஏறிய அம்மா, மறுபக்கம் எங்கள் சித்தி. வாசலிலிருந்து காருக்கு வருவதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். சித்தி ஏறும்போது தொடங்கிய பேச்சை நிறுத்தவே இல்லை.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் முன்கண்ணாடி வெள்ளையடித்த சுவர்போல ஆகிவிட்டது. துடைத்தேன், மூடியது. அவர் கைக்குட்டையால் துடைத்தார், மூடியது. ஏசியைப் போட்டேன், அம்மாவுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. பதறிப்போய் நிறுத்தினேன். எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டேன். மணி ஒன்பது இருபத்தைந்து. பக்கத்துக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால், எங்கே நிற்கிறோம் என்கிறீர்கள்? மல்லிகை வாசனை வந்தது.

"நான் போய்க் கூப்பிடுறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேணவே வேணாம். அந்த ஆளு மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

"அக்கா!" என்று பின்னாலிருந்து ஓர் அலறல். "உன் ரோஷத்துக்கு என் கல்யாணமா கெடச்சுது?"

அவள் குரல் உடைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பட்டுச் சட்டையோடு மழையில் ஓடினார்.

குடையும் மஃப்ளருமாக ஊதுபத்தி வந்தார். வரட்டும், கேட்டுக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பூ வைத்த அனிதாவைப் பார்த்தார். நேராகப் போய் பானெட்டைத் திறந்தார். என் வீட்டுக்காரர் குடை பிடிக்க, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த குழாயைப் பத்தே நிமிடத்தில் மாட்டி முடித்துவிட்டார். உள்ளே அந்தச் சின்னக் கதவு இன்னும் அதே கோளாறோடுதான் இருந்தது. "மூடாத மதகு இன்னிக்கு நமக்கு நல்லதுங்க" என்றார். "வழியில எதுவும் ஆச்சுன்னா? நானும் வர்றேன்."

வண்டியில் இடம் ஐந்து பேருக்கு. புருஷன் வேண்டுமா மெக்கானிக் வேண்டுமா என்ற நிலைமை வந்தபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஊதுபத்தியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு மழையில் பின்னாலேயே வந்தார்.

முன்னால் ஏறி உட்கார்ந்தவர், ஹீட்டரையும் ஏசியையும் ஒன்றாகப் போட்டார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் காற்றுப் போகிற பக்கத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் முன்கண்ணாடிக்குத் திருப்பினார். கதகதவென்று காற்று வந்தது. அம்மாவின் இழுப்பு அடங்கியது.

"இப்ப யாரும் வாயத் தொறக்கக் கூடாது. பேசப் பேச ஆவி. கோயில் போற வரைக்கும் மூச்சுகூட மெதுவா விடுங்க."

சித்தி வாயை மூடிக்கொண்டார். பட்டினம் வரைக்கும் மூடியே வைத்திருந்தார். எங்கள் குடும்ப வரலாற்றில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒன்று நடந்ததில்லை. கண்ணாடி அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. முதலில் வைப்பர், பிறகு ரோடு, பிறகு தூரத்தில் கோபுரம். அனிதா விசும்பிக்கொண்டே சிரித்தாள்.

மணி பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கோயில் வாசலில் இறங்கினோம். பெண்ணின் முகத்துப் பவுடர் முழுக்க ஹீட்டரில் உருகியிருந்தது. பட்டெல்லாம் மல்லிகைப் புகை வாசனை. மாப்பிள்ளையின் அம்மா அவளை முகர்ந்து பார்த்துவிட்டு, "பொண்ணு பக்தியா இருக்கு" என்றாராம். அது போதாதா?

சாப்பாட்டுப் பந்தியில் ஊதுபத்தியை என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். பிரியாணி வந்தது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். இதோ சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சொல்லிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"எதைங்க டீச்சர்?"

"அதான், எப்பவும் சொல்வீங்களே."

தலை நிமிராமல் சொன்னார்: "நல்ல நாளும் அதுவுமா, பொண்ணுக்கு அக்காவப் பாத்து அதச் சொல்லுவாங்களா? எலும்பு இல்லாத துண்டா பாத்து வைக்கச் சொல்லுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கார்க் கண்ணாடியைத் துடைக்க ஹீட்டர் இருந்தது, என் கண்ணைத்தான் எதைக்கொண்டு துடைப்பது என்று தெரியவில்லை. எழுந்து நின்று, பந்தி முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னேன்: "இவரு அப்பவே சொன்னாரு! நான்தான் கேக்கல!" மனிதர் வெட்கப்பட்டு மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டார்.

அடுத்த வாரமே அந்தக் கதவுக்குச் சாமான் வரவழைத்து, டேஷ்போர்டைக் கழற்றி ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்தார். மூன்று தும்மல் தும்மினார். நான் எண்ணினேன்.

இப்போது அவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே குளிர், ஊரே ஹீட்டர் போடுகிறதாம், மனிதருக்கு ஏகக் குஷி. போன ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஹீட்டரைப் போட்டேன். ஆவி விலகி ரோடு பளிச்சென்று தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி அவருக்குப் போன் செய்தேன்.

"என்னங்க டீச்சர், கண்ணாடி தெளிவா இருக்கா?"

"நல்லா இருக்குங்க. இன்னிக்கு நல்ல நாளும் இல்ல, நான் பொண்ணுக்கு அக்காவும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அப்பாடா! கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?