வெயில்ல பாத்தா மயில்கழுத்து

பொண்டாட்டியை ஏமாத்தக் கூடாதுன்னு உபதேசம் பண்ற ஆம்பளைங்களை நம்பாதீங்க. எல்லாம் முயற்சி பண்ணித் தோத்தவங்க. நேத்து நானும் அந்தச் சங்கத்துல சேந்துட்டேன்.

மச்சான் விஜயராகவன் வீட்டுக் கல்யாணம். தங்கச்சிக்காரி கலைவாணிக்கு, அதாவது என் சம்சாரத்துக்கு, மயில்கழுத்து கலர்ல பட்டுப்புடவை வேணுமாம். எனக்கோ கேமரா வச்ச செல்போன் மேல கண்ணு. என் தீபாவளி போனஸுக்கு ரெண்டையும் தாங்கத் தெம்பில்லை. செல்போனை வாங்கிப் பரண்ல பழைய குக்கருக்குள்ள ஒளிச்சு வச்சேன். மிச்சத்துக்குச் சண்டே மார்க்கெட்டுல ஒரு புடவை கிடைச்சுது. சுத்த ஊதா. பட்டுன்னு சொன்னா பட்டுப்பூச்சியே சிரிக்கும்.

ஆனா எங்க ஹால்ல புது சி.எஃப்.எல். பல்பு இருக்கே! கரண்ட் மிச்சம்னு நானே மாட்டினது. சுவிட்சு போட்டா கொஞ்சம் யோசிச்சு எரியும், அப்புறம் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குக் கீழ தக்காளி கறுப்பு, கலைவாணி பச்சை.

"என்னாங்க, ஊதாவா இருக்கு?"

"பல்பு பண்ற வேலை, வாணி. குண்டு பல்புல ஒரு கலரு, இதுல ஒரு கலரு. சயின்ஸு! வெயில்ல பாரு, மயில்கழுத்துதான்."

"கடை வாசல்ல வெயில்ல விரிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம வாங்குவனா?"

வெயிலுக்கு எங்க போறது? ஐப்பசி மழை ஒரு வாரமாப் பாண்டிச்சேரியைத் துவைச்சுக்கிட்டிருந்துது. வருண பகவான் நம்ம கட்சி.

"நீங்க சொன்னா சரிதாங்க"ன்னா. கல்யாணமான நாள்லேருந்து அவ அப்படிச் சொன்னதே இல்லை. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

நேத்து மண்டபத்துல வந்து நிக்கிறா. அசல் பட்டு, அசல் மயில்கழுத்து! பக்கத்துல மச்சான், புது செல்போன்ல அவளைப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாரு. நான் வாங்கின அதே மாடல். ஊர்ல எத்தனையோ பேர் வாங்குவாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

"ஏது இந்தப் புடவை?"

"நீங்க எடுத்ததுதாங்க. மண்டபத்து லைட்ல சரியாத் தெரியுது. சயின்ஸு."

மேல கேக்க முடியுமா? கேட்டா என் சாயம்தான் வெளுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டுப் பரண்ல எட்டிப் பாத்தேன். குக்கருக்குள்ள செல்போன் டப்பா பத்திரமா இருந்துது. அப்பாடா! திறந்தேன். உள்ள, நான் ஹால்லேருந்து கழட்டிப் போட்ட குண்டு பல்பு.

அப்பத்தான் என் மண்டையில ட்யூப்லைட் எரிஞ்சுது. என் போன் மச்சான்கிட்ட போய், மச்சான் காசு புடவையாயிருக்கு.

"வாணி! இது என்னாது?"

ஸ்டூல் ஆடாமப் பிடிச்சுக்கிட்டே கீழேருந்து நிதானமாச் சொன்னா: "செல்போனுங்க. இந்த லைட்ல அப்படித் தெரியுது. காலையில வெயில்ல பாருங்க."