சோப்புக் கட்டியோடு மலையேறுகிறவர்கள்

உபகாரம் செய்தே தீருவேன் என்று கிளம்புகிற ஒரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கொம்பு கிடையாது, வால் கிடையாது, மனுசர் மாதிரியேதான் இருப்பார்கள். உங்களுக்குக் காலில் முள் குத்தியிருக்கும். அவர்கள் வந்து தலையில் எண்ணெய் வைப்பார்கள். 'ஐயா, முள்ளு கால்ல' என்று நீங்கள் கத்தினால், 'இருங்க, நல்லாச் சூடு பறக்கத் தேய்ச்சு விடுறேன்' என்பார்கள். ஏன் தலை? அவர்கள் கையில் இருப்பது எண்ணெய். முள்வாங்கி இல்லை.

இந்த இனம் எல்லா வயசிலும் கிடைக்கும். மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்திருப்பது முற்றிய ரகம். ஆனால் இளசாக இருக்கும்போது பார்க்கிற அழகே தனி. அதனால் சந்திரவல்லியைப் பாருங்கள்.

போடியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. சமூக சேவைக் குழுவுக்குத் தலைவி. வருசம் எழுபத்தொன்பது. சிலமலையில் நாலு கிணறும் நாலிலும் வற்றாத தண்ணீரும் உள்ள வீட்டுப் பெண். நீலத் தாவணி, ரெட்டைச் சடை, குண்டூசியில் குத்திய பேட்ஜு, கையில் அட்டை போட்ட நோட்டு. அந்த நோட்டுக்குள்தான் ஏழைகள் இருந்தார்கள். எந்த மாசம் அவர்களுக்கு என்ன குறை என்று அதில் முன்கூட்டியே எழுதியிருந்தது. நவம்பரில் பல் அழுக்கு. டிசம்பரில் உடம்பு அழுக்கு. ஜனவரியில் எழுத்தறிவின்மை. ஆண்டு விழாவில் சிறந்த சேவைக்கான கோப்பை.

மனசு தங்கம், அதைக் குறை சொல்லக்கூடாது. சிஸ்டர் இம்மாகுலேட் வகுப்பில் வறுமையைப் பற்றிப் பேசினால் முதல் ஆளாக அழுவாள். அழுது முடித்ததும் நோட்டைத் திறந்து ஒரு கோடு போடுவாள்.

சனிக்கிழமை தோறும் ஜீப்பு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். மற்ற நாளில் மலைமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆளும் லோடும் ஏற்றுகிற ஜீப்பு அது. டிரைவர் மொக்கச்சாமி வாய் சும்மா இருக்காத மனுசன்.

"வெரசா ஏறுங்க தாயி. ஏழைக எல்லாம் ஆறிப் போயிரப் போறாக."

சந்திரவல்லி அதற்குப் பதில் சொல்ல மாட்டாள். சேவை செய்கிறவர்கள் ஏச்சைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் நோட்டில் இருந்தது.

மேலே, தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஜக்கம்மாள் இருந்தாள். காய் பறிக்கிறவள். நாற்பது தாண்டிய வயசு. பல்பொடி மாசத்தில் முதல் பொட்டலத்தை வாங்கியது அவள்தான். வாங்கி, மோந்து பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்: "நல்லாத்தான் இருக்கு தாயி. வாய் கொப்புளிக்கத் தண்ணி?"

அங்கேதான் விசயம். லயத்துக்குத் தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் கீழே இறங்கினால் ஓடை. குடத்தோடு ஏறுவதற்கு முக்கால் மணி, அதுவும் வழுக்குப் பாறை வழியாக. ஜக்கம்மாளின் மருமகள் அன்னக்கொடிக்கு அப்போது ஆறு மாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடம் சுமந்தாள். ஆனால் லயத்துக்கு மேலே, ஏலக்காய் கழுவிக் காயப் போடுகிற ஸ்டோரில், ஊற்றுத் தண்ணீர் நிரம்பி வழிகிற தொட்டி இருந்தது. அங்கிருந்து ஒரு குழாய் இழுத்தால் சோலி முடிந்தது. வாயால் சொன்னால் கங்காணியைத் தாண்டி அந்தப் பேச்சு மேலே போகாது.

"ஒரு காயிதம் எழுதிக் குடுங்க தாயி. மொதலாளி கைக்குப் போற மாதிரி."

சந்திரவல்லி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். நவம்பரில் குழாய் இல்லை. டிசம்பரிலும் இல்லை. "அது நம்ம திட்டத்தில வரலக்கா. ஆனா வர்ற மாசம் சோப்பு வருது!" என்றாள், ஒரு இனிப்பை ஒளித்து வைத்திருக்கிறவள் மாதிரி.

சோப்பு வந்தது. ஆளுக்கு ஒரு கட்டி, கூடவே தினமும் குளிப்பதன் நன்மைகள் என்று ஒரு பாட்டு. குழுவின் எட்டுப் பெண்கள் அபிநயத்தோடு பாடினார்கள். அன்னக்கொடி அப்போதுதான் குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பாட்டு முடிகிற வரை அவளையும் கை தட்டச் சொன்னார்கள். தட்டினாள். வேறென்ன செய்வாள்?

சந்திரவல்லிக்குக் காது கேட்காதா? நன்றாகக் கேட்கும். இந்த இனத்துக்கே காது நன்றாகக் கேட்கும். நன்றி சொல்கிற சத்தம் நாலு மைல் தள்ளி வந்தாலும் கேட்கும்.

ஜனவரியில் முதியோர் கல்வி. பலகை, சாக்குக்கட்டி, படம் போட்ட அட்டை எல்லாம் ஜீப்பில் ஏறின. பெயரைக் கொடுக்க முதல் ஆளாக வந்து நின்றாள் ஜக்கம்மாள். சந்திரவல்லிக்குப் புல்லரித்தது. ஆனால் வந்தவள் வந்ததுமே வம்பு பண்ணினாள்.

"எனக்கு மொதல்ல 'த' சொல்லிக் குடுங்க. பெறகு 'கு'."

"அ-லருந்துதான்க்கா ஆரம்பிக்கணும். அம்மா, ஆடு, இலை..."

"ஆடு எங்கிட்ட இல்ல தாயி. நான் எழுதி என்னத்துக்கு?"

தலைவிக்கு நேரமில்லை. கூட்டத்தை உயர வாரியாக உட்கார வைக்க வேண்டும். போட்டோவுக்கு அப்போதுதான் அழகு. எனவே ஜக்கம்மாளை மெஹ்ராஜிடம் தள்ளிவிட்டாள். மெஹ்ராஜ் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர் மகள். குழுவில் மூட்டை தூக்குவதற்கு மட்டும் நினைவு வருகிற பெண். அவள் ஜீப்பு நிழலில் உட்கார்ந்து, "என்ன எழுதணும்க்கா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். சமூக சேவைக் குழு மலையேற ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. நாலே சனிக்கிழமை. ஜக்கம்மாள் த, கு எல்லாம் தாண்டி எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இதைக் கண்ட அன்று சந்திரவல்லி வெலவெலத்துப் போனாள். சந்தோசப்பட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா? பிப்ரவரிக் கடைசியில் தோட்ட முதலாளியே தலைமை தாங்க வருகிறார். அவர் கண்ணெதிரே ஒரு கைநாட்டு முதல் முதலாகக் கையெழுத்துப் போட வேண்டும். கையைப் பிடித்து எழுத வைப்பது தலைவி. முதலாளி கண் கலங்குவார். கோப்பை உறுதி. அதற்கென்று வைத்திருந்த ஆள் இப்படி முன்கூட்டியே படித்து வைத்தால்?

"அக்கா, அந்தத் தேதி வரைக்கும் நீங்க தெரியாதவங்களா இருங்கக்கா."

"தெரிஞ்சத எப்படித் தாயி தெரியாம இருக்கிறது?"

"நடிங்கக்கா. கை நடுங்குற மாதிரி."

ஜக்கம்மாள் கேட்டாள்: "மொதலாளி பக்கத்துலயே நிப்பாரா?"

"பக்கத்துலயேதான்."

"அப்பச் சரி."

அந்த நாளும் வந்தது. ஸ்டோர்க் களத்தில் பந்தல். நிரம்பி வழிகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி. முதலாளி, சிஸ்டர், கங்காணி, போட்டோ எடுக்கப் போடியிலிருந்து வந்த கமருதீன், நிறைமாசத்தோடு ஓரத்தில் அன்னக்கொடி. சந்திரவல்லி, "இருளில் இருந்த இந்த உள்ளங்களுக்கு" என்று தொடங்கிக் கால் மணி நேரம் பேசினாள். இருளில் இருந்த உள்ளங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தன.

பிறகு ஜக்கம்மாளின் கையைப் பிடித்துப் பலகையில் வைத்தாள். கை என்னமாய் நடுங்கியது! காய்ச்சல்காரி கெட்டாள். 'ஜ' என்ற ஒரு எழுத்துக்கு அரை நிமிசம். பெயர் முடிந்ததும் எட்டுப் பெண்களும் கை தட்டினார்கள். முதலாளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தவர்கள் செய்கிற தப்பை அவரும் செய்தார்.

"சபாசு! இன்னும் என்னம்மா எழுதத் தெரியும்? ஒனக்குத் தோணுறத எழுது பாப்போம்."

ஜக்கம்மாள் தன் கையைச் சந்திரவல்லியிடமிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். நடுக்கம் நின்றுவிட்டது. ஏலக்காய் பறிக்கிற வேகத்தில் எழுதினாள்.

'தண்ணி இல்லை. மருமகள் நிறைமாசம். தொட்டியில் இருந்து குழாய் வேண்டும். இப்படிக்கு ஜக்கம்மாள்.'

களத்தில் தொட்டி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. கங்காணி பலகையை அழிக்கத் துண்டை எடுத்தான். அதற்குள் கமருதீன், "அய்யா கொஞ்சம் பலகப் பக்கம் திரும்புங்க, சிரிச்ச மாதிரி" என்றான். தொழில்காரன், யார் என்ன எழுதினால் அவனுக்கென்ன? முதலாளி திரும்பினார். சிரித்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் ஜக்கம்மாள், நடுவே 'தண்ணி இல்லை'. படம் பதிந்துவிட்டது.

அந்தப் படத்தைச் சிஸ்டர் இம்மாகுலேட் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில், பெற்றோர் எல்லாரும் கடந்து போகிற இடத்தில் மாட்டினார். முதலாளி மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். பதினோரு நாளில் லயத்துக்குக் குழாய் வந்தது. பன்னிரண்டாம் நாள் அன்னக்கொடிக்குப் பெண் பிறந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பு ஏறியபோது குழாயடியில் ஒரே கும்மாளம். கால் நீட்டி உட்கார்ந்து ஜக்கம்மாள் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், பிரிக்காமல் இத்தனை நாள் பரணில் கிடந்த டிசம்பர் மாசத்துச் சோப்பு, நுரைத்துக்கொண்டிருந்தது.

சந்திரவல்லி அதைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. உடனே நோட்டைத் திறந்தாள். என்ன எழுதினாள் என்று நினைக்கிறீர்கள்?

'சோப்புத் திட்டம் மாபெரும் வெற்றி. மக்கள் தினமும் குளிக்கிறார்கள்.'

எட்டிப் பார்த்த மொக்கச்சாமி, "அடுத்து என்ன தாயி, அந்தப் பச்சப்புள்ளைக்குப் பல்பொடியா?" என்றான். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

கோப்பை அவளுக்குத்தான் கிடைத்தது. மூட்டை தூக்கிய மெஹ்ராஜுக்கு ஒரு சோப்பு டப்பா.

சந்திரவல்லியை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை வாசிக்கும்போதே, 'இதை நம்ம மச்சினன் வாசிக்கணும், எதிர்த்த வீட்டுக்காரி வாசிக்கணும், வாசிச்சாத்தான் திருந்துவாங்க' என்று மனசுக்குள் நாலு பேர் பெயரை எழுதிவிட்டீர்களா? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேட்டீர்களா? சரி விடுங்கள். சனிக்கிழமை காலையில் வெரசா வாங்க. ஜீப்பில் இடம் இருக்கு.